பெயர் மாறாமல் சாவி மாறக்கூடாது

புத்தூர், ஆவரங்கால், நீர்வேலி, அச்சுவேலி எண்டு எங்கட யாழ்ப்பாணத்து வலிகாமம் கிழக்கில கன வீடுகளின்ர கொட்டிலுக்குள்ள இண்டைக்கும் ஒரு மொறிஸ் மைனரோ, ஒஸ்ரின் ஏ40-ஓ, கேம்பிறிட்ஜோ நிக்குது. வாங்கி ஓடினவர் இப்ப உயிரோட இல்லை. பிள்ளையள் கனடாவில, லண்டனில. வீட்டைப் பாக்கிறவை "இதை வித்துவிடுவம்" எண்டு யோசிக்கினம். இண்டைக்கு நான் அவைக்காகத்தான் கதைக்கிறன். தரகர் இல்லாமல் நீங்களே நேர விக்கிறதெண்டால் என்ன செய்ய வேணும், எதைச் செய்யவே கூடாது எண்டு பாப்பம்.

முதல் வேலை, உங்களிட்ட நிக்கிறது என்ன கார் எண்டு சரியா அறியுறது. மொறிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் வடிவமைச்சு 1948-இல வெளிவந்தது. 1956 வரைக்கும் வந்ததுகளில முன் கண்ணாடி ரெண்டு துண்டு, நடுவில ஒரு சட்டம் இருக்கும். பிறகு வந்த மைனர் 1000-இல ஒரே கண்ணாடி, 948 சீசீ எஞ்சின். 1962 கடைசியில இருந்து 1098 சீசீ. ஏ40 சொமர்செற் எண்டால் அது 1952-க்கும் 1954-க்கும் இடையில செய்தது. கேம்பிறிட்ஜ் ஏ60 எண்டால் 1622 சீசீ. வாங்க வாறவருக்கு இதெல்லாம் தெரியும். விக்கிற உங்களுக்குத் தெரியாட்டி, விலையை அவர்தான் சொல்லுவார்.

ரெண்டாவது, எங்கட கார்களுக்கெண்டு ஒரு தனிக் கதை இருக்கு. 1990-க்குப் பிறகு, யுத்தத்துக்குள்ள, எங்கட பகுதிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் மருந்துக்கும் இல்லை. அப்ப இந்தக் கார்கள்தான் ஓடினது. நாலு சொட்டுப் பெற்றோலில எஞ்சினை எழுப்பி, சூடேறினவுடன மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினவை. பிள்ளைப்பேற்றுக்கும் ஆசுப்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் இதுகள்தான். அந்தப் பெருமையை வாங்க வாறவருக்குச் சொல்லுங்கோ. அதோட சேத்து, மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு என்ன செய்தது எண்டதையும் மறைக்காமல் சொல்லுங்கோ. முழுக்க எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ இறங்கி, அடியில இருக்கிற ஒயிலையும் தண்ணியாக்கும். வால்விலயும் பிளக்கிலயும் கரி பிடிக்கும். ஆகவே விக்க முதல் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கொம்பிறஷன் பாத்து, அந்த அளவை ஒரு தாளில எழுதி வையுங்கோ. மண்ணெண்ணெய்க் காலத்துக்குப் பிறகு எஞ்சினைத் திருத்தியிருந்தால் அந்தப் பில்லுகளையும் எடுத்து வையுங்கோ.

மைனரில இன்னொண்டு. அதுக்குத் தனிச் சசி இல்லை, உடம்பும் தளமும் ஒண்டாய் ஒட்டினது. அதனால அடித்தகடு, கதவுக்குக் கீழ வாற பகுதி, பின் வில்லுத்தகடு பூட்டுற இடம், இதுகளில கறள் பிடிச்சால் காரின்ர பலமே போகும். முன் சில்லைத் தாங்கிற மரையுள்ள மூட்டுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால் அது தேஞ்சு, ஓடேக்கயே சில்லு மடிஞ்சு விழும். இதை முதலே பாத்துத் திருத்துங்கோ, இல்லாட்டி இருக்கிற மாதிரியே சொல்லுங்கோ. தெரிஞ்சுகொண்டு மறைச்சு வித்த காரில ஒரு குடும்பம் போய் விழுந்தால், அந்தப் பழி உங்களைச் சேரும்.

கனபேர் விடுற பிழை, விக்கப் போறம் எண்டவுடன புதுப் பெயின்ற் அடிக்கிறது. வேண்டாம். புதுப் பெயின்ரைக் கண்டால் அனுபவக்காரன் "உள்ளுக்க எதை மூடியிருக்கினம்?" எண்டுதான் யோசிப்பான். பழைய காரில விலை போறது மினுக்கத்துக்கில்லை, முதலில எப்பிடி வந்ததோ அப்பிடியே இருக்கிறதுக்கும், அதைக் காட்டுற ஆதாரத்துக்கும்தான். உலகத்தில ஏலத்தில ஆகக்கூடின விலைக்குப் போன கார், 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே. 2022 மே மாதம் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்குப் போனது. செய்தது ரெண்டே ரெண்டு, செய்த கொம்பனியின்ர கையிலயே இருந்தது, அதின்ர கதையில ஒரு நாள் கூடச் சந்தேகமில்லை. எங்கட மைனருக்கும் கணக்கு அதுதான். முதல் வந்த மீற்றர், கைபிடி, சில்லுமூடி, பழைய ஸ்ரீ இலக்கத்தகடு, ஒண்டையும் எறியாதேங்கோ. 1957-இல இலக்கத்தகட்டில அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது எங்கட பகுதியில எவ்வளவு போராட்டம் நடந்தது எண்டு மூத்தவைக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தகடும் இப்ப வரலாறு.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன். பத்திரம்.

காரின்ர பதிவுப் புத்தகம் ஆற்ற பெயரில இருக்கு? அப்பாவின்ர பெயரில இருந்து, அவர் காலமாகியிருந்தால், நீங்கள் கையெழுத்து வைச்சு விக்கேலாது. ஒரு சட்டத்தரணியைக் கண்டு, உரித்தை முறைப்படி மாத்திப்போட்டுத்தான் விக்க வேணும். உரிமையாளர் வெளிநாட்டில இருந்தால், அவர் அங்கயிருந்து உங்களுக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேணும். சகோதரங்களுக்குப் பங்கு இருந்தால், "விக்கச் சம்மதம்" எண்டு எல்லாரிட்டயும் எழுத்தில வாங்குங்கோ. காசு வந்த பிறகு வாற மனஸ்தாபம் காரை விடப் பெரிசு.

1995 ஒக்ரோபரில சனம் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில புத்தகத்தைத் துலைச்ச குடும்பங்கள் கனக்க இருக்கு. அப்பிடியெண்டால் பொலிசில முறைப்பாடு போட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில இணைப்பிரதிக்கு விண்ணப்பியுங்கோ. புத்தகத்தில உள்ள சசி நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில உள்ளதோட ஒத்துப்போகுதா எண்டு பாருங்கோ. யுத்த காலத்தில எஞ்சின் மாத்தின கார்கள் இருக்கு. அந்த மாற்றம் பதியப்பட்டிருக்க வேணும். எப்பவோ கட்டி முடிச்ச கடனுக்கு அந்தக் கொம்பனியின்ர பெயர் புத்தகத்தில அழியாமல் கிடக்கவும் கூடும். அதையும் முதலே நீக்குங்கோ.

ஓப்பன் பேப்பர் எண்டு ஒண்டு இருக்கு, கேள்விப்பட்டிருப்பியள். வாங்குறவரின்ர பெயரை எழுதாமல், விக்கிறவர் வெறும் படிவத்தில கையெழுத்தை மட்டும் வைச்சுக் குடுக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம். அந்தக் கார் பிறகு பத்துக் கை மாறும். எங்கயோ விபத்து, எங்கயோ கடத்தல் எண்டால், பொலிஸ் தேடி வாறது புத்தகத்தில பெயர் உள்ள உங்கட வீட்டுக்குத்தான். வாங்குறவரின்ர பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் உங்கட கண்ணுக்கு முன்னால நிரப்புங்கோ. எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 எண்ட உரிமை மாற்றப் படிவங்களின்ர பிரதியை வைச்சிருங்கோ. கை மாறினதைத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில நீங்களே அறிவியுங்கோ.

விலை? 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. இடையில எல்லாக் காரும் விலை ஏறினது. அந்த நேரத்து விலையை இப்பவும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். கேட்ட விலையை விட, உண்மையா வித்து முடிஞ்ச விலையை மூண்டு நாலு இடத்தில விசாரியுங்கோ. இதுக்குக் கீழ குடுக்கிறதில்லை எண்ட விலையை வீட்டுக்குள்ள முதலே தீர்மானியுங்கோ. உதயன், வலம்புரிப் பத்திரிகைகளில ஒரு சிறுவிளம்பரம் போடுங்கோ. தெற்கில இருந்தும் பழைய கார் தேடி வாறவை இருக்கினம். முதல் வந்தவருக்கே அவசரப்பட்டுக் குடுக்காதேங்கோ.

ஓடிப் பாக்கக் கேட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாத்து, காப்புறுதி செல்லுபடியா எண்டும் பாத்து, பக்கத்தில நீங்களும் ஏறுங்கோ. முற்பணம் வாங்கினால் ரசீது எழுதுங்கோ. மிச்சக் காசை வங்கியில வைச்சே வாங்குங்கோ. கணக்கில காசு விழுந்ததை வங்கி அலுவலர் உறுதிப்படுத்தின பிறகுதான் சாவி. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் போறன் எண்டு ஆரும் கேட்டால் ஒண்டை நினைவில வையுங்கோ: 1945 ஜனவரி 1-க்கு முன்னம் இலங்கையில முதல் பதிஞ்ச பயணிகள் காரை ஏற்றுமதி செய்ய அரசாங்க அனுமதி வேணும்.

நேயர்களே, எங்கட சனத்தை அந்தக் காலத்தில காப்பாத்தின கார்கள் இதுகள். விக்கிறது குற்றமில்லை. கறள் பிடிச்சு இரும்புக்கடைக்குப் போறதை விட, பேணி ஓடக்கூடிய ஒருவரின்ர கைக்குப் போறது எவ்வளவோ மேல். ஆனால் உண்மையைச் சொல்லி வில்லுங்கோ, பெயரை மாத்தி வில்லுங்கோ. இந்த வாரமே கொட்டிலைத் திறந்து, முதல் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுங்கோ.