மணலுக்குள் ஒரு பாடம்

தை பிறந்துவிட்டால், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் இரவெல்லாம் நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அது. அவர்களோடு நானும் நடக்கிறேன்.

பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடக் கரையேறிய தடம், மணலில் டிராக்டர் ஓடியதுபோலத் தெரியும். தடம் திரும்புகிற இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, கையால் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் விரலில் முட்டை தட்டும். ஏறக்குறைய 100 இருக்கும், ஓடு மெத்தென்றிருக்கும். பொரிப்பகத்துக்கு எடுத்துப் போய்ப் புதைத்தால், 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும்.

அது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண் குஞ்சுகளே கூடும். மதிப்பெண்ணுக்காகப் படித்த புவி வெப்பமாதல், அந்தக் குழிக்குள் கை விட்டபிறகுதான் என் கவலையாயிற்று. பொறுமையும் அந்த நடையில்தான் வந்தது. தடமே தென்படாத இரவிலும் முழுத் தூரமும் நடந்தாக வேண்டுமே!

பொரித்த குஞ்சு வெளிச்சத்தைத் தேடிப் போகும். கரை இருட்டாயிருந்தால் கடலுக்கு, விளக்கெரிந்தால் தெருவுக்கு. கடலோரம் குடியிருப்பவர்களே, பங்குனி, சித்திரை இரவுகளில் மொட்டைமாடி விளக்கை அணைத்துவிடுங்கள்.