சுபாவம் என்னும் கைமுதல்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் லோபாக்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





மதியச் சாப்பாட்டுக்கு முன் பேச நிற்கிறவர்கள் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது நமக்குத் தெரியும். முயன்று பார்க்கிறோம்.

லோபாக் என்றால் மலாயில் முள்ளங்கி. சிரம்பானுக்குப் பக்கத்திலேயே லாபு இருக்கிறது; அது சுரை, பூசணி வகை. ஒன்று மண்ணுக்குள் இறங்கி வளரும், மற்றது கொடி வீசிக் கூரைமேல் ஏறும். முள்ளங்கியைப் பந்தலில் ஏற்ற யாரும் முயல்வதில்லை. ஆனால் பிள்ளைகளிடம் நாம் அதைத்தான் செய்கிறோம். வாய் திறக்காத பிள்ளையைப் பார்த்து, "உன் மச்சானைப் பார், நாலு பேரிடம் எப்படிப் பேசுகிறான்" என்கிறோம். ஓடியாடித் திரிகிற பிள்ளையைப் பிடித்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைக்கிறோம். நல்ல காலத்தில் இது ஒரு மனக்குறையோடு போய்விடும். நாளைக்கு என்ன ஆகும் என்றே தெரியாத காலத்தில், கையில் இருக்கும் ஒரே முதலைத் தொலைத்ததாகிவிடும்.

அந்த முதல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது அதற்கென்று கேள்வித்தாள்கள் வந்துவிட்டன. கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 2004இல் மனிதக் குணத்தின் பலங்கள் என்று 24 வகை பிரித்தார்கள். அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முன்பே இப்னு சீனா 'மிஸாஜ்' என்று உடலின் இயல்பை வகுத்துவிட்டார். யூனானி ஹக்கீம்கள் இன்றும் அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார்கள். கேள்வித்தாளில் எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. மனிதன் தான் எப்படி இருக்கிறோம் என்பதைவிட, எப்படி இருக்க ஆசைப்படுகிறோம் என்பதைத்தான் அதில் டிக் போடுகிறான்.

அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது: மௌத்து வீடு. செய்தி வந்து அரை மணி நேரத்தில் பாருங்கள். ஒருவர் கஃபன் துணிக்கு ஓடுவார். ஒருவர் கபுர் வெட்டுகிறவர்களோடு போய் நிற்பார். ஒருவர் யார் யாருக்குச் செய்தி சொல்லியாயிற்று, யார் பாக்கி என்று போனோடு வாசலில் நடப்பார். ஒருவர் வாயே திறக்காமல் பின்கட்டில் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பார். ஒரு பெண்மணி அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பிடித்திருப்பார். இவர்களை யாரும் நியமிக்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் வேஷம் போடத் தெம்பு இருக்காது. கை தானாகப் போகிற இடத்துக்குப் போகும். உங்கள் கை எங்கே போகிறது என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டார் கவனித்திருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள்.

622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். அதைவிட நிச்சயமில்லாத இரவு எது? அலி (ரலி) படுக்கையில் படுத்தார்கள். மக்கத்தார் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் அவர்களிடமே இருந்தது. அபூபக்கர் (ரலி) குகைக்குத் துணை. அவர்களின் மகன் அப்துல்லாஹ் பகலில் ஊருக்குள் பேச்சைக் கேட்டு இரவில் வந்து சொன்னார். மகள் அஸ்மா (ரலி) உணவைக் கட்டக் கயிறில்லாமல் இடுப்புப் பட்டையை இரண்டாகக் கிழித்தார்கள். ஆமிர் பின் ஃபுஹைரா ஆட்டு மந்தையை ஓட்டி வந்து கால்தடத்தை அழித்தார். வழிகாட்டி அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அப்போது முஸ்லிமாகக்கூட இல்லை, ஆனால் பாலைவனத்தை அறிந்தவர். ஆட்டு இடையரை யாரும் வாள் பிடிக்கச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது ஆடு. அந்த இரவுக்குத் தேவைப்பட்டதும் ஆடுதான்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று பால்மரக் காடாக இருந்த இடங்களில் நம்மவர்கள் பெரும்பாலும் கடை வைத்திருந்தார்கள். லயத்துச் சனம் பற்றெழுதி வாங்கும், சம்பளத்தன்று அடைக்கும். தோட்டத்துக்கு வந்த ஒவ்வொரு ஆட்டமும் முதலில் அந்தப் பற்றுப் புத்தகத்தில்தான் தெரிந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் சிக்கனக்காரர்கள் வழக்கம்போல் நோட்டைச் சேர்த்தார்கள். அந்த 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும். 1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தபோது அத்தனையும் வெறும் காகிதம். நோட்டைக் கையில் வைக்காமல் உப்பாகவும் துணியாகவும் மாற்றிக்கொண்டே இருந்த அவசரக்காரர்கள்தான் தப்பினார்கள். அடுத்து 1948இல் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு உணவு போகக்கூடாது என்று கெடுபிடி. பல வட்டாரங்களில் சார்டின் டின்னைக்கூடக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும். ஒரு கட்டு அரிசிக்குக் கணக்குத் தவறினால் விசாரணை. இப்போது அவசரக்காரருக்குக் கஷ்டம். எண்ணி எண்ணி எழுதுகிறவர் நிம்மதியாகத் தூங்கினார். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்கத் தொடங்கியபோது, துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர்களிடம் 10 வெள்ளி வீதம் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. எண்ணி எழுதுகிற ஆளால் மட்டும் அது நடந்திருக்காது. லயத்து வாசலில் நின்று நம்பிக்கை வாங்குகிற ஆள் வேண்டியிருந்தது.

ஆக, ஒரு காலத்தில் காப்பாற்றிய குணம் அடுத்த காலத்தில் கவிழ்க்கிறது. இதற்காகக் குணத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியாது என்பதுதான் எங்கள் எண்ணம். வேறொன்று முடியும். அதற்கு ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

லாபு பக்கம் ஒரு தோட்டத்து முனையில் அண்ணன் தம்பி இருவர் கடை வைத்திருந்தார்கள். அண்ணன் கணக்கு, தம்பி வாய். 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. லயம் லயமாக ஆட்கள் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். கடையில் பற்று நிற்கிறது. அண்ணன் சொன்னார்: "கப்பலேறினவனிடம் எங்கேடா போய் வசூல் பண்றது? இந்த வாரமே வாங்கிடு." தம்பி சொன்னார்: "நானா, பாத்திரத்தை வித்துக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட எப்படிக் கேட்கிறது?" தம்பி ராத்திரி லயத்தில் உட்கார்ந்து பாரம் எழுதிக் கொடுத்தார். அண்ணன் பகலில் புத்தகத்தோடு அதே வாசலுக்குப் போனார். வாங்கினவர்களுக்கே குழப்பம். சண்டை முற்றி, கடை பிரிந்தது.

தம்பி சிரம்பான் டவுனுக்கு வந்தார். கூட்டம் அலைமோதியது, கணக்கு இல்லை, மூன்று வருடத்தில் கடை மூடப்பட்டது. அண்ணன் கடை மூடவில்லை. வளரவும் இல்லை. தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது அதுவும் போயிற்று. கடைசிக் காலத்தில் அந்த அண்ணன் எங்களிடம் சொன்னார்: "எனக்குப் பயம் இருந்துச்சு. அவனுக்கு ஆள் இருந்துச்சு. ரெண்டும் ஒரே கடையில இருந்திருக்கணும்." தன் பயத்தை ஒரு பலமாக அவர் சொன்னதை நாங்கள் கவனித்தோம். தம்பியின் தாராளத்தையும் அப்போதுதான் முதன்முறையாகக் குறை சொல்லாமல் பேசினார். இருவரும் பேசாமல் இருந்த வருடங்களை நாங்கள் எண்ணவில்லை, அவர் எண்ணி வைத்திருந்தார்.

இனி நமக்கே நடந்தது. 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் சாப்பாட்டுக் கடைக்காரர்கள்! உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, பொட்டலம் மட்டும். ஒரு நாசி கண்டார் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த அத்தாவின் பலமே முகம் பார்த்துப் பேசுவது. யாருக்கு எந்தக் குழம்பு என்பது அவருக்கு மனப்பாடம். முகமே இல்லாத கடையில் அவர் பத்து நாளில் இளைத்துப் போனார். பணம் போனதைவிட அதுதான் அவரைச் சாய்த்தது. கூச்சக்காரன், கல்லாவில் உட்காரவே மாட்டான் என்று அவர் சலித்துக்கொண்ட மகனோ, அறைக்குள் இருந்து போனில் ஆர்டர் எடுத்து, எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்று வரைந்து கடையை ஓட்டினான்.

அப்போது சங்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. தினம் யாராவது கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். எங்களில் பலர் இரண்டு நாள் கூப்பிட்டு விட்டுவிட்டோம். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை அந்த அத்தாவிடம் கொடுத்தோம். காலையில் தொடங்கினால் லுஹர் வரை பேசுவார். யாருக்கு மாத்திரை தீர்ந்தது, யார் நோன்புக் கஞ்சி கேட்டார் என்று மாலையில் மகனிடம் சொல்வார். மகன் வழியில் கொடுத்துவிட்டுப் போவான். அத்தாவும் மகனும் ஒருவர் வேலையை ஒருவர் மெச்சி நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

வேலை ஒப்பந்தம் முடிகிற பிள்ளைகள், கடையை எடுப்பதா வேண்டாமா என்று நிற்கிற பிள்ளைகள், கணவரை இழந்து கல்லாவில் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். உங்களைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் ஒரு கஷ்டமான நாளில் என்ன செய்து நீங்கள் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி அவர் கையில் கொடுங்கள். அண்ணன் தம்பிகள் ஒருவருக்கொருவர் எழுதினால் இன்னும் நல்லது.

பிரியாணி தம்மிலிருந்து இறங்கிவிட்டதாகச் சமையல்கட்டிலிருந்து சைகை வருகிறது. துஆ ஓதிவிட்டு உட்காருவோம். வஸ்ஸலாம்.