தண்ணீரில் நின்ற வண்டி
(பருவமழைக்கு முந்தைய பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "சார், நான் பி.காம். படித்து, காலமெல்லாம் வங்கியில் லெட்ஜர் எழுதியவன். எனக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் கேட்டேன். "உங்க மச்சினன் லாரி கதையைச் சொன்னீங்களே, அதையே சொல்லுங்க" என்றார். அது எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை. நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிற்கிற கார்களை நினைத்து ஒப்புக்கொண்டேன்.

என் மனைவியின் தம்பி ஒரு 407 வைத்திருக்கிறான். கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக் கடைகளுக்குப் போடுவான். 2015இல் முடிச்சூரில் குடியிருந்தான். டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி, விடிவதற்குள் லாரியின் சீட் வரை தண்ணீர். அவன் குடும்பத்தோடு மாடியில். எங்களுக்குப் போன் கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு நாள் மாலை லைன் கிடைத்தது.

"மாமா, செல்ஃப் அடிச்சேன். டொக்னு ஒரு சத்தம், அப்படியே நின்னுடுச்சு" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "தொடாதே" என்று. நான் சொன்னது, "பேட்டரி ஈரமாயிருக்கும்டா. வேற வண்டியில கட்டி இழுத்துப் பாரு." பேட்டரி இறங்கிய வண்டிகளைப் பலர் அப்படிக் கிளப்பிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் ஞானம். அவனும் என் பேச்சைக் கேட்டான். இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டிருக்கிறான். இன்ஜின் கிளம்பியேவிட்டது! இரண்டு நிமிடம் டிங் டிங் என்று அடித்துக்கொண்டு ஓடி, பிறகு ஒரு பெரிய சத்தம். கனெக்டிங் ராடு வளைந்து, உடைந்து, பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு மெக்கானிக் எனக்குப் புரிய வைத்தார். ஊசி போடும் சிரிஞ்சை எடுங்கள். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். உள்ளே காற்று இருந்தால் பிஸ்டன் இறங்கும். தண்ணீர் இருந்தால் இறங்காது. டீசல் இன்ஜின் காற்றைக் கிட்டத்தட்ட பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசலை எரிக்கிறது. சிலிண்டருக்குள் அரை டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும், பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்கும். முதலில் கேட்ட அந்த "டொக்", இன்ஜின் கொடுத்த எச்சரிக்கை. செல்ஃப் மோட்டார் தோற்று நின்ற இடத்தில், பின்னாலிருந்து ஒரு முழு லாரியின் பலத்தைக் கொடுத்தால் நடுவில் இருக்கிற ராடுதானே வளையும்? பெட்ரோல் வண்டியிலும் இதே கதைதான். டீசலில் இடைவெளி இன்னும் குறைவு.

செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இன்ஷூரன்ஸ் இருந்தது. வெள்ளச் சேதம் முழு பாலிசியில் அடங்கும். ஆனால் சர்வேயர் வந்து முதலில் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணீங்களா?" மச்சினன் பொய் சொல்லத் தெரியாதவன். சுத்தம் செய்த செலவுக்குப் பணம் வந்தது, இன்ஜினுக்கு இல்லை. வெள்ளம் செய்த சேதம் வேறு, வெள்ளத்துக்குப் பிறகு நாம் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்பது அவர்கள் கணக்கு. வங்கியில் இருந்தவன் என்ற முறையில் பாலிசியை எடுத்து வரிவரியாகப் படித்தேன். அவர்கள் சொன்னது அதில் இருக்கத்தான் செய்தது. அந்தப் பணத்தில் பாதியை நான் கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்றான், என் மனைவி வாங்க வைத்தாள். வண்டி இல்லாத இரண்டு மாதத்தில் அவன் கைவிட்டுப் போன கடைகளை யாரும் வாங்கித் தர முடியவில்லை.

இனி இரண்டாம் பாகம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம். இப்போது அவன் பள்ளிக்கரணைப் பக்கம். அதே லாரி, மறுபடியும் கழுத்தளவுத் தண்ணீர். இந்த முறை அவன் எனக்குப் போன் செய்யவில்லை, நேரே மெக்கானிக் பாய்க்குச் செய்தான்! நான் கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

பாய் முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றச் சொன்னார். பிறகு நம்பர் பிளேட்டும் தண்ணீர் நின்ற கோடும் தெரியும்படி போட்டோ, வீடியோ. அதை இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினோம். சர்வேயர் வர மூன்று நாளாகும் என்றார்கள். அதுவரை சிலிண்டரில் தண்ணீர் நின்றால் துருப்பிடித்துவிடும் என்று சொல்லி, கழற்ற எழுத்தில் அனுமதி வாங்கினோம். வண்டியை நியூட்ரலில் வைத்து ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள்.

ஏர் கிளீனரைத் திறந்தால் ஃபில்டர் சேற்றில் தோய்ந்திருந்தது. இதுதான் முதல் சோதனை. ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் கேஜை இழுத்துப் பார்த்தார்: அளவுக்கு மேலே, பால் விட்ட டீ நிறத்தில். அப்புறம் நான்கு நாசிலையும் கழற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பானரைப் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். மூன்றாவது சிலிண்டரிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீச்சியடித்தது. என் சட்டையிலும்தான். 2015இல் இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுற்றினார். அடியில் ஆயில் நட்டைத் திறந்ததும் முதலில் வந்தது தண்ணீர்; எண்ணெய் மேலே மிதக்குமல்லவா. கியர் பாக்ஸ், கிரவுன் இரண்டிலும் காற்றுப் போக்கு வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது, அந்த ஆயிலும் மாறியது. டீசல் டேங்க்கை வடித்து, டீசல் ஃபில்டரை மாற்றி, செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்து உலர்த்தி, பிரேக் ஆயிலை மாற்றி, வீல் பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்து... மூன்று நாள் வேலை. நான்காம் நாள் ஸ்டார்ட் செய்தார்கள். வெள்ளைப் புகை கக்கியது, பிறகு சீரானது. பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலை மறுபடி வடித்தார், இன்னும் கொஞ்சம் டீ நிறம் இருந்தது. புது ஆயில். ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை. மொத்தம் இருபத்தெட்டாயிரம், அதில் பெரும்பகுதி கிளெய்மில் வந்தது.

அது கம்ப்யூட்டர் இல்லாத பழைய லாரி. நம் கார்கள் அப்படியில்லை. சீட்டுக்கு அடியிலும் டாஷ்போர்டுக்குள்ளும் வயரும் பெட்டியுமாக இருக்கிறது. ஆகவே நீங்கள் ஸ்பானர் எடுக்க வேண்டாம். பட்டனைத் தொடாமல் இருந்தால் போதும். "ஏசி போட்டு காய வைக்கலாமே" என்று சாவியைத் திருகவும் வேண்டாம். சி பிளாக்கில் எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள், வண்டி மூழ்கினால் கிட்டேயே போகாமல் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

பாலிசி பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசியிலும் இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, கூடுதல் பிரீமியம். எடுத்தவர்களும் அதன் நிபந்தனையைப் படித்து வைப்பது நல்லது. பழுதுச் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கணக்கிட்டுத் தருவார்கள்.

2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பகுதியில் மேடான இடம் எது, ஊருக்குப் போயிருப்பவர்களின் சாவி யாரிடம் என்று ஒரு பட்டியல் எடுக்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அசோசியேஷன் அறையில் உட்கார்ந்திருப்பேன். பாலிசியை எடுத்து வந்தால் சேர்ந்து படிக்கலாம். மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், பொடி எழுத்து.