மழலையும் செவியும்

(குடமுழுக்கு விழாவை ஒட்டித் திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



திருமுறை வல்லாரும் சித்தாந்தப் புலவர்களும் வீற்றிருந்து உரை நிகழ்த்திய இம்மேடையில் ஒரு மருத்துவனுக்கு என்ன வேலை என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். திருப்பணிக் குழுவினர் என்னை அழைத்த பொழுது யானும் அவ்வாறே எண்ணினேன். "பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் ஐயா, விழாவுக்கு வருவோரில் பாதிப் பேர் இடுப்பிலே குழந்தையோடு வருகிறார்கள்" என்றார் குழுத் தலைவர். நாற்பதாண்டுக் காலம் குழந்தை மருத்துவம் பார்த்தவன் என்பதன்றி எனக்கு வேறு தகுதி இல்லை. பிள்ளை வளர்ப்பு கடல் போன்ற பொருள். அதில் ஒரு துறையில் மட்டும் இறங்குகிறேன். அது பேச்சு. குழந்தை எப்போது பேசும்? பேசாவிடில் எதுவரை காத்திருக்கலாம்? இவை பற்றி நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கைகளுள் எவை மெய், எவை மயக்கம்?

நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியை உற்று நோக்காதவர் அல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமே அதற்குச் சான்று. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்து, அவற்றுக்குத் திங்கட் கணக்கும் சொன்னார்கள். நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும், ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை, பதினைந்தில் அம்புலி என்று பொதுவாகக் கொள்வர். இன்றைய மருத்துவ நூலைத் திறந்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பே உண்டாகும். தால் என்பது நாக்கு. ஏழாம் திங்களை ஒட்டித்தான் குழந்தை 'பபப', 'தததா' என்று நாவைப் புரட்டி அசைகளை அடுக்கத் தொடங்குகிறது. கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் திங்களுக்கு முற்றிலும் பொருந்தும். அம்புலிப் பருவமோ மிக நுட்பமானது. தாய் நிலவைச் சுட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பாராமல் விரல் காட்டும் நிலவைப் பார்க்கிறது. பின் தானும் விரல் நீட்டித் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. 'நான் காண்பதை நீயும் காண்' என்னும் இந்த உறவே பேச்சுக்கு அடித்தளம் என்பர் இக்கால ஆய்வாளர்.

ஆயினும் திங்கட் கணக்கைக் கயிறு போட்டு அளப்பது போல் கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நலமுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, தனித்து நடப்பது ஏறத்தாழ 8 திங்கள் முதல் 18 திங்கள் வரை எப்போது வேண்டுமாயினும் நிகழலாம். எதிர்வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் நடந்தது, நம் பிள்ளை பதினான்கிலும் நடக்கவில்லை என்று உறக்கம் கெடும் தாய்மார்களுக்கு இது ஆறுதல் தரட்டும்.

நடையில் இவ்வளவு பொறுமை காட்டலாம் என்று சொன்ன அதே வாயால், பேச்சில் அவ்வாறு பொறுத்திருத்தல் கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டை யான் நூலில் கற்றதைக் காட்டிலும் என் பிழையில் கற்றதே மிகுதி. அதனை மறையாது சொல்கிறேன்.

1991-ஆம் ஆண்டு. ஒரு தாய் பதினொரு திங்கள் நிரம்பிய மகனைக் கொண்டு வந்தாள். "டாக்டர் ஐயா, இவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் எல்லாரும் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்" என்றாள். யான் குழந்தையின் பின்னே நின்று கைகளை ஓங்கித் தட்டினேன். குழந்தை சட்டென்று திரும்பிற்று. என்னைப் பார்த்துச் சிரித்தது. ஏதோ குழறவும் செய்தது. "செவி நன்றாக இருக்கிறது அம்மா. ஆண் பிள்ளை, சற்றுத் தாமதமாகும். பொறுத்திரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் முகம் மலர்ந்து சென்றதை இன்றும் காண்கிறேன். மீண்டும் அவள் வந்தபோது பையனுக்கு நான்கரை வயது. ஒரு சொல்லும் இல்லை. கருவி கொண்டு ஆய்ந்த இடத்தில், பிறப்பிலிருந்தே இரு செவிகளிலும் ஏறக்குறைய ஒன்றும் கேளாது என்று தெரிவித்தார்கள்.

அன்று அவன் ஏன் திரும்பினான்? என் கை எழுப்பிய காற்று அவன் பிடரியில் பட்டிருக்கும். அல்லது நிழல் சுவரில் அசைந்திருக்கும். கேளாத குழந்தையின் கண்ணும் தோலும் நம்முடையவற்றை விடக் கூர்மையாகக் காவல் காக்கின்றன. தட்டைக் கவிழ்த்து அடிப்பதும், கதவை அறைவதும், வெடி வெடிக்கும்போது பார்ப்பதும் சோதனை ஆகா. தரையின் அதிர்வே அக்குழந்தைக்குச் செய்தி சொல்லிவிடும்.

அவன் குழறினானே, அது எவ்வாறு? இதுவே பலரும் அறியாத செய்தி. முதற் சில திங்களில் கேளாத மகவும் கேட்கும் மகவைப் போலவே ஒலி எழுப்பும், கூவும், சிரிக்கும். வேறுபாடு பின்னரே தோன்றும். கேட்கும் குழந்தை தன் ஒலியையும் தாயின் ஒலியையும் ஒப்பிட்டு அசைகளை அடுக்கப் பழகுகிறது. கேளாத குழந்தைக்கு அந்தப் பழக்கம் மிகவும் பிந்துகிறது, குழறலும் நாளடைவில் அருகிவிடுகிறது. ஆதலின் 'நான்கு மாதத்தில் நன்றாகக் கத்தினான், அதனால் காது பழுதில்லை' என்பது மயக்கமே.

பேச்சின் வாயில் வாயன்று, செவி. வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததை நினைவுகூர்க. அக்கேள்வி கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்று இன்று அறிகிறோம். பிறந்து மூன்று நாளும் ஆகாத மகவுகள் வேறொரு பெண்ணின் குரலை விடத் தம் தாயின் குரலையே கேட்க விழைந்து, அதற்கேற்பக் காம்பைச் சுவைக்கும் விதத்தை மாற்றிக்கொண்டன என்பதை 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். 1984-இல் கனடா நாட்டில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தி மொழியின் தகர டகர ஒலி வேறுபாட்டை, ஆங்கிலம் மட்டுமே வழங்கும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டுத் திங்களில் எளிதாகப் பிரித்தறிந்தன. ஓராண்டு நிரம்பும் தறுவாயில் அத்திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. செவி தனக்கு வேண்டிய ஒலிகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுகிறது. (பிள்ளைக்கு ழகரம் வரவில்லை என்று பள்ளியில் கடிந்துகொள்கிறோம். அவ்வொலி வீட்டில் ஒரு நாளேனும் அதன் செவியில் விழுந்ததா என்று கேட்பார் இல்லை!) முதலாண்டில் மூளை இத்துணை விரைந்து தொழில் புரிகையில், செவியடைத்த குழந்தையை நான்கரை ஆண்டுகள் காத்திருக்க விட்டேனே என்பதுதான் என் வருத்தம்.

'குமரகுருபர சுவாமிகள் ஐந்து வயதில்தானே பேசினார்?' என்ற கேள்வியை யான் நூறு முறையேனும் எதிர்கொண்டிருக்கிறேன். அடியார் கூடிய இவ்விடத்தில் அதற்கு விடை கூறாமல் போவது முறையன்று. திருவைகுண்டத்தில் தோன்றிய அக்குழந்தை ஐந்தாண்டு வரை வாய் திறவாதிருந்து, திருச்செந்தூர் முருகன் திருவருளால் கந்தர் கலிவெண்பா பாடியது என்பது வரலாறு. அருட்செயலை அளந்து பார்க்க யான் துணியேன். ஆயினும் இரண்டு குறிப்புகளைப் பணிவோடு சொல்வேன். ஒன்று: வாய் மூடியிருந்த அப்பிள்ளையின் செவியும் மூடியிருந்ததாக வரலாறு கூறவில்லை. தந்தையார் சண்முக சிகாமணிக் கவிராயர். தமிழ் முழங்கிய வீடு. மற்றொன்று: அப்பெற்றோர் 'தானே பேசுவான்' என்று வாளா இருந்தாரல்லர். தாம் அறிந்த பெருந்துணையைத் தேடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்றார்கள். அவர் வரலாற்றைக் காட்டி வீட்டிலே அமர்ந்திருப்போர் அதில் எதைப் படித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முருகனையும் வழிபடுக, செவியையும் ஆய்ந்தறிக. ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாவில் தடவும் வழக்கம் நம்மிடையே உண்டு. 'பிள்ளை வளர்ப்பான்' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கேளாத செவியை அது திறக்காது. கைக்குழந்தைக்கு அது தீங்கற்றதும் அன்று. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனே ஆகாது. அதில் சில வேளை தங்கும் நுண்ணுயிர் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கித் தசைகளைத் தளர்த்திவிடக்கூடும் என்பது 1976 முதல் அறிந்த செய்தி. 'நாக்குத் தடித்திருக்கிறது, அதனால் பேச்சு வரவில்லை' என்பதும் பெரும்பாலும் வீண் பழி. நாவடி நரம்பு குறுகியிருந்தால் பால் குடிப்பதில் இடர் வரலாம், சில ஒலிகள் திருந்தாமல் போகலாம். பேச்சே வாராமற் போவதில்லை. வீட்டில் இரு மொழி வழங்குவதாலும் பேச்சு தடைப்படாது. ஆண் குழந்தைகள் சராசரியில் சற்றுப் பிந்துவது உண்மையே. அப்பிந்துதல் ஓரிரு திங்களேயன்றி ஆண்டுக் கணக்கில் அன்று.

கைப்பேசியில் பாட்டுக் காட்டினால் குழந்தை விரைவில் பேசும் என்பது புதிய மயக்கம். 2003-இல் அமெரிக்காவில் ஒன்பது திங்கட் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்பித்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் கற்கவில்லை. பாட்டி மடியில் வைத்துச் சொல்லும் கதைக்கு ஈடு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிறக்கும் ஆயிரம் மகவுகளுள் ஒன்று முதல் மூன்று வரை நிலையான கேள்விக் குறையோடு பிறப்பதாக உலகக் கணக்கு. 'எங்கள் பரம்பரையில் எவருக்கும் இக்குறை இல்லை' என்று சொல்வோர்க்கு ஒரு செய்தி: கேளாத குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர். தந்தையிடமும் தாயிடமும் வெளிப்படாமல் உறங்கும் ஒரே கூறு குழந்தையிடம் வந்து சேரும்போதே குறை வெளிப்படுகிறது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கத்தில் இதற்கு வாய்ப்பு மிகுதி. இதனைச் சொல்வதால் சிலர் மனம் நோகலாம். சொல்லாமல் விடுவது அதனினும் தவறு. கருவுற்ற காலத்தில் தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை காண்பதும் ஒரு காரணம். அதற்குரிய தடுப்பூசி இயக்கம் 2017-இல் தொடங்கிய மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. பிறந்தவுடன் மிகக் கடுமையாகும் மஞ்சட் காமாலையும் மூளைச் சவ்வுக் காய்ச்சலும் செவியைக் கெடுக்கக்கூடும். இவற்றுள் எதிலும் தாயைப் பழித்தற்கு இடமில்லை. 1991-இல் என்னிடம் வந்த அம்மாவை அவள் மாமியார் வீட்டார் பழித்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். பழிக்கு உரியவன் யான்.

எனவே எப்போது விரைய வேண்டும்? ஓராண்டு நிரம்பியும் அசைகளை அடுக்கிக் குழறவில்லை, விரலால் சுட்டவில்லை எனில். பதினாறு திங்களில் பொருளுள்ள ஒரு சொல்லும் இல்லை எனில். இரண்டாண்டில் இரு சொல்லைச் சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை எனில். எந்த வயதிலாயினும் வந்த பேச்சு நின்றுவிட்டது எனில், அன்றே மருத்துவரிடம் செல்க. இவர்களுள் பலர் பின்னர் நன்றாகவே பேசுவர். சிலர்க்குச் செவி நன்றாயிருந்தும் ஆட்டிசம் போன்ற வேறு காரணம் இருக்கும். யாது என்று ஆய்ந்தாலன்றித் தெரியாது. மருத்துவர் கை தட்டிப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்றால், கருவி கொண்டு ஆய்ந்து தரும்படி பணிவோடு கேளுங்கள். அதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

உண்மையில் இத்துணைக் காலம் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. ஒரு திங்களுக்குள் சோதனை, மூன்று திங்களுக்குள் உறுதி செய்தல், ஆறு திங்களுக்குள் உதவி தொடங்குதல் என்பதே இன்று உலகம் கொள்ளும் நெறி. ஆறு திங்களுக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் அறியப்பட்டோரை விட மொழித் திறனில் நெடுந்தொலைவு முன்னேறியிருந்தனர் என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆய்வு 1998-இல் காட்டிற்று. சிலர்க்குக் காதில் அணியும் கருவி போதும். முற்றும் கேளாதார்க்கு உட்செவியில் கம்பி பதிக்கும் காக்ளியர் அறுவை உண்டு. பெரும் பொருட் செலவு ஆகும் அதனை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். அறுவை முடிந்ததும் மறுநாளே பேச்சு வந்துவிடாது. ஆண்டுக் கணக்கில் பயிற்சி வேண்டும். சைகை மொழியைத் தாழ்வாக எண்ணுவோரும் உளர். அது தனக்கென இலக்கணம் உடைய முழு மொழி. அதைக் கற்பதால் பேச்சு கெடும் என்பது அச்சமேயன்றி வேறன்று. மொழியே இல்லாமல் ஒரு குழந்தை வளர்வதுதான் கொடுமை. குமரகுருபரர் பிறந்த அதே பொருநைக் கரையில், பாளையங்கோட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிளாரன்சு சுவெயின்சன் அம்மையார் கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி கண்டார்.

என்னிடம் வந்த அப்பையன் அத்தகைய பள்ளியொன்றில் சற்றுப் பிந்திச் சேர்ந்து கற்று, இன்று ஓர் அச்சகத்தில் பணிபுரிகிறார். ஆண்டுக்கு ஒருமுறை எனக்குக் கடிதம் எழுதுவார். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். வாக்கியங்கள் குறுகியவை, வேற்றுமை உருபுகள் ஆங்காங்கே தவறும். அவ்விடங்களில் எனக்குக் கண் தங்கிவிடும்.

சோதனை எங்கே என்பீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அங்குக் கட்டணம் இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை. காதில் சிறு முனையை வைத்து மெல்லிய ஒலி செலுத்துவார்கள்; நலமுள்ள உட்செவி அதற்கு விடையாகத் தானும் ஓர் எதிரொலி எழுப்பும்; அதைக் கருவி பதிவு செய்யும். சில நிமிட வேலை. குழந்தை அசையாதிருத்தல் வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. ஆதலின் பால் கொடுத்து, தோளில் சாய்த்து, உறங்க வைத்துக் கொண்டு செல்லுங்கள்.