மலைப்பாதையின் கடிகாரமும் பள்ளி வீதியின் காமிராவும்

திருமலையிலிருந்து திருப்பதிக்கு இறங்கும் முதல் மலைப்பாதை 1944ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 19 கி.மீ. நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் உடைய அப்பாதையில், இறங்கும் வாகனம் குறைந்தது 40 நிமிடங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தேவஸ்தானம் வகுத்த விதியாகும். புறப்படும் நேரமும் வந்து சேரும் நேரமும் சாவடிகளில் குறிக்கப்படும். முந்தி வந்தவர் அபராதம் செலுத்த நேரிடும். கணக்கிட்டால், சராசரி வேகம் மணிக்கு 29 கி.மீ.க்கும் குறைவே. விரைந்து ஓட்டிவிட்டு வழியில் நின்று நேரத்தைக் கழிப்பவரை இம்முறை பிடிக்காது என்பது உண்மைதான். எனினும், வேகத்தை அளக்கக் காவலர் ஒருவர் சாலையோரம் நிற்க வேண்டியதில்லை என்பதை இவ்வட்டாரம் காமிராவுக்கு முன்பே கண்டுகொண்டது.

மலையடிவாரத்திலுள்ள பள்ளி வீதிகளுக்கு இத்தகைய கடிகாரம் இல்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர ஒரு விநாடி ஆகுமெனக் கொண்டால், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகமாயின் 28 மீட்டர் தேவை. இருபது மீட்டர் முன்னே சாலையில் இறங்கிவிட்ட சிறுவனுக்கு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே உயிர். பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ.யே உச்ச வரம்பாக இருக்க வேண்டுமென 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் கூறியதும் இதனாலேயே.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 136அ பிரிவைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் வந்த 167அ விதி, ஆபத்து மிகுந்த நெடுஞ்சாலைப் பகுதிகளிலும், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகையுள்ள பெருநகரங்கள், பட்டியலிடப்பட்ட 132 நகரங்கள் ஆகியவற்றின் முக்கியச் சந்திப்புகளிலும் மின்னணுக் கருவிகளை வைக்கப் பணித்தது. அப்பட்டியலில் சித்தூர் உண்டு, திருப்பதி இல்லை! காற்றின் தூய்மைத் தரத்தை எட்டாத நகரங்களின் பட்டியலையே இதற்கும் எடுத்தாண்டதன் விளைவு இது. யாத்திரிகர் வாகனங்கள் நாள்தோறும் வந்து குவியும் ஊர், புகையின் அளவுகோலால் விடுபட்டுப் போயிற்று. சித்தூரிலும் விதி குறிப்பிடுவது சந்திப்புகளையே. பள்ளி வாயில்களை அன்று. அவற்றைச் சேர்ப்பது மாநில அரசின் முடிவைப் பொறுத்தது.

கேரளம் 2023இல் நிறுவிய 726 காமிராக்களில் பெரும்பாலானவை தலைக்கவசம், இருக்கைப் பட்டை ஆகியவற்றைக் கண்காணிப்பவை. வேகத்துக்கு ஒதுக்கப்பட்டவை எட்டே. கனடாவின் டொராண்டோவில் பள்ளிகளருகே காமிரா வைத்த இடங்களில் வேக மீறல் 45 சதவீதம் குறைந்ததாக 2025இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஆயினும், அவை பணம் பறிக்கும் கருவிகள் என்று கூறி அம்மாகாண அரசு அதே ஆண்டு நவம்பரில் அவற்றைத் தடை செய்துவிட்டது. பயன் இருந்தும் மக்களின் நம்பிக்கை இல்லையெனில் கருவி நிலைக்காது.

இந்திய விதியில் அந்த நம்பிக்கைக்கு இடமுண்டு. கருவிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கண்காணிப்புப் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். வேலூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் வண்டிகள் வரும் இவ்வட்டாரத்தில் அப்பலகை தெலுங்குடன் தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட வேண்டியது முதல் வேலையாகும்.