பாதைக்கும் ஒரு ஹக் உண்டு

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி என்று பேசிவரும் இந்த மேடையில் இன்று ஒரு சாலையைப் பற்றிப் பேசுகிறோம். முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அழைத்துப் போகும் இடம் தாவரவியல் பூங்கா. 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அதன் வாசலை அடைவதுதான் பெரும்பாடு. மறைமலை அடிகள் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் வந்து கூடுகின்றன. பேருந்தும் டெம்போவும் ஆட்டோவும் ஓயாமல் ஓடுகின்றன. சனி, ஞாயிறு வந்தால் வாடகை வண்டிகளில் வரும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். பேரனை ஒரு கையிலும் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எப்போது இடைவெளி கிடைக்கும் என்று ஓரமாக நிற்கும் பாட்டிமார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பாதையோரங்களில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எங்களுக்குக் கூடிப் பேச வேறு இடமில்லையே என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடும்படி கூறினார்கள். அந்த ஹக் எது என்று கேட்டதற்குப் பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதும் நாம் மதரஸாவில் ஓதியதுதான். அன்று முள்ளும் கல்லும் இடையூறு. இன்று வேகமும், நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டியும் இடையூறு.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 8 மீட்டர் ஓடும், 50 கி.மீ. வேகமென்றால் 14 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை வந்துவிட்டால், ஓட்டுபவர் அதைக் கண்டு பிரேக்கை அழுத்தவே ஒரு நொடி ஆகிவிடும். அதற்குப் பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். காய்ந்த சாலையில் 30-இல் வருபவர் ஏறக்குறைய 13 மீட்டரில் நிறுத்திவிடுவார். 50-இல் வருபவருக்கு ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். பதினைந்து மீட்டர் தள்ளிக் குழந்தை ஓடிவந்தால், முதலாமவர் நிறுத்தியிருப்பார். இரண்டாமவர் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருப்பார். பாதசாரிகளும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30 கி.மீ.தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்ததும் இதனால்தான்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

மாற்ற முடியுமா என்று கேட்டால், நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. அங்கே குழந்தைகள் ஓடுகிறார்கள், முதியவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். சென்னையில் பனகல் பூங்காவை ஒட்டித் தொடங்கும் தியாகராய சாலையிலும், அதாவது பாண்டி பஜாரிலும், நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். பேருந்துகள் ஓடும் மறைமலை அடிகள் சாலையைக் கடற்கரைச் சாலை போல மூட முடியாது. மூடச் சொல்லவும் இல்லை. பூங்காவை ஒட்டிய அந்தச் சிறு தூரத்தில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நகராட்சி, பொதுப்பணித் துறை, போக்குவரத்துக் காவல் துறை, பூங்காவை நிர்வகிக்கும் வேளாண் துறை ஆகியோரிடம் கொடுக்க மனு ஒன்று தயாரித்திருக்கிறோம். அதில் ஐந்து கோரிக்கைகள் உள்ளன:

1. பூங்கா வாசலுக்கு நேராக, சற்று உயர்த்தி அமைத்த வரிக்கோட்டுக் கடவை. கண்டபடி போடும் கூரான வேகத்தடை இருசக்கர வண்டிக்காரரின் முதுகை ஒடிக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும்.

2. சாலை நடுவே நின்று செல்ல ஒரு திட்டு. 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க முதியவருக்குச் சுமார் 15 நொடி ஆகும். இரண்டு பக்கத்து வண்டிகளையும் ஒரே நேரத்தில் பார்த்துக் கடக்கச் சொல்வது நியாயமில்லை.

3. குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத நடைபாதை. நடைபாதை என்பது வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

4. 30 கி.மீ. வேகப் பலகையும், அதைக் கண்காணிக்கும் ஏற்பாடும், போதிய விளக்கும்.

5. தள்ளுவண்டி வியாபாரிகளுக்குக் குறித்து ஒதுக்கிய இடம். அவர்களை விரட்டுவது நம் நோக்கமல்ல. அவர்களில் நம் சகோதரர்களும் உண்டு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் தருகிறது.

அன்பர்களே, அரசிடம் கேட்பது பாதி வேலை. மறுபாதி நம் வீட்டில் இருக்கிறது.

டியூஷனுக்கு நேரமாகிறது என்று 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. இவையெல்லாம் கூடச் சிறியவைதான். வேறொரு வீட்டின் பிள்ளை மீது மோதிவிட்டால், அதற்கு எந்த அபராதம் ஈடாகும்?

ஜும்ஆவுக்கோ நிக்காஹ்வுக்கோ வரும்போது நடைபாதையிலும் திருப்பத்திலும் வண்டியை நிறுத்தாதீர்கள். நிற்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து வரும் குழந்தை, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. சில நூறு அடி நடந்து வந்து தொழுதால், அந்த ஒவ்வோர் அடிக்கும் கூலி உண்டு என்பது நாம் அறிந்ததுதானே.

விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் தயங்காமல் தூக்குங்கள். நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குப் போட முடியாது என்று அதே சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

போக்குவரத்துக் காவல் துறையின் அனுமதி கிடைத்ததும், ஞாயிறு மாலைகளில் பூங்கா வாசலில் நின்று முதியோரும் குழந்தைகளும் சாலையைக் கடக்க உதவ இளைஞர்கள் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் அலுவலகத்தில் கொடுங்கள். ஜும்ஆ முடிந்ததும் மனுவில் கையெழுத்துப் பெறுகிறோம். பெண்களிடம் அவரவர் வீட்டுக்கே வந்து பெற ஏற்பாடு செய்திருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். எந்த இடத்தில் என்ன ஆபத்து என்பதையும் அவர்களே எழுதித் தர வேண்டும். அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களிடமும் கேளுங்கள். அந்தச் சாலையில் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

நம்மால் எவருக்கும் தீங்கு நேராமலும், எவராலும் நம் பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமலும் அல்லாஹ் காத்தருள்வானாக! இந்த முயற்சியை அவன் கபூல் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.