அய்ஷெ உட்கார்ந்த நாற்காலி: துருக்கிய மாணவர்களும் ஆங்கில ரிலேட்டிவ் கிளாசும்

இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இந்த அவையில் உள்ளவர்களில் பாதிப்பேருக்குப் பழகிய கேள்விதான். துருக்கி மொழி பேசுவோர்க்கு ஆங்கிலத்தின் செயப்படுபொருள் ரிலேட்டிவ் கிளாசை எந்த வரிசையில் கற்பிப்பது? கருத்தரங்கு இடைவேளைகளில் பலமுறை தொடங்கி முடியாமல் நின்ற விவாதம் இது. இன்றைக்கு என் தரப்பை முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

எதிர்த்தரப்பு வலுவானது. எட்வர்ட் கீனனும் பெர்னார்ட் காம்ரியும் 1977இல் வெளியிட்ட கட்டுரை, ரிலேட்டிவ் கிளாஸ் அமைப்புகளுக்கு ஒரு படிவரிசை வகுத்தது. முதற்படியில் எழுவாய், அடுத்து நேர்ச் செயப்படுபொருள், அதன்கீழ் மறைமுகச் செயப்படுபொருள், முன்னிடைச்சொல்லோடு வரும் பெயர், உடைமைப் பெயர் என்று இறங்கும். உலக மொழிகளைப் பற்றிய இந்த விதியைப் பாடத்திட்டம் வகுப்போர் கற்பித்தலின் படிக்கட்டாக எடுத்துக்கொண்டார்கள். முதலில் எழுவாய், பிறகு செயப்படுபொருள், அது நன்றாகப் படிந்தபின் முன்னிடைச்சொல் என்பது அவர்கள் முறை. எளியதிலிருந்து அரியதற்குப் போவதில் என்ன தவறு என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். எது எளியது என்பதை மாணவனின் தாய்மொழியைப் பார்க்காமல் முடிவு செய்வதே தவறு என்பது என் பதில்.

தலைப்பில் உள்ள நாற்காலிக்கு வருகிறேன். துருக்கியில் 'அய்ஷெ நாற்காலியில் உட்கார்ந்தாள்' என்பதற்கு 'அய்ஷெ சந்தல்யெயெ ஒத்துர்து' என்பார்கள். 'சந்தல்யெ' நாற்காலி, அதன்மேல் ஏறிய 'யெ' வேற்றுமை உருபு. இதை ரிலேட்டிவ் கிளாசுக்கு ஈடான பெயரெச்சத் தொடராக்கினால் 'அய்ஷெநின் ஒத்துர்தூ சந்தல்யெ'. அய்ஷெ உடைமை உருபு பெறுகிறாள். வினை 'திக்' என்ற எச்ச விகுதியோடு 'அவளுடைய' என்ற விகுதியையும் ஏற்கிறது. நாற்காலி கடைசியில் வந்து நிற்கிறது. நாற்காலியின்மேல் இருந்த 'யெ' எங்கே? அது போய்விட்டது. அதை ஈடுசெய்ய வேறெந்தச் சொல்லும் வரவில்லை. அய்ஷெ நாற்காலியில் போய் உட்கார்ந்தாளா, ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தாளா என்ற வேறுபாட்டைத் தனி வாக்கியத்தில் 'யெ', 'தெ' என்னும் இரு உருபுகள் காட்டும். பெயரெச்சத் தொடரில் அந்த வேறுபாடும் கரைந்துவிடுகிறது. கேட்பவர் வினையின் பொருளையும் சூழலையும் கொண்டு உறவை அறிந்துகொள்கிறார்.

தமிழ் அவைக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 'அய்ஷெ உட்கார்ந்த நாற்காலி' என்று நாமும் 'இல்' உருபை உதிர்த்துத்தான் பேசுகிறோம். நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்ற ஆறும் பெயரெச்சத்துக்கு முடிபாகும் என்று தொல்காப்பியம் வினையியலில் வகுத்திருப்பதும் நாம் படித்ததே. ஆனால் துருக்கி நம்மிடமிருந்து ஓரிடத்தில் பிரிகிறது. என் வாதம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. 'நாற்காலியில் உட்கார்ந்த அய்ஷெ', 'அய்ஷெ உட்கார்ந்த நாற்காலி' இரண்டிலும் தமிழ் வினை ஒன்றே. துருக்கியிலோ முன்னது 'ஒத்துரன்', பின்னது 'ஒத்துர்தூ'. தொடர் விவரிக்கும் பெயர், அதாவது தலைப்பெயர், எழுவாயானால் ஒரு விகுதி, எழுவாய் அல்லாததானால் வேறொரு விகுதி. இந்தப் பங்கீட்டை ராபர்ட் அண்டர்ஹில் 1972இலும், ஹாங்கமரும் நெக்டும் 1976இலும் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். சிக்கலான விதிவிலக்குகள் உண்டு. அடிப்படைக் கோடு மாறுவதில்லை.

இதன் விளைவைக் கவனியுங்கள். துருக்கிய மாணவன் எழுவாய்க்கும் எழுவாய் அல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவயதிலிருந்தே வினை விகுதியில் உச்சரித்து வருகிறான். நம் பாடநூல்கள் பெருமுயற்சியோடு புகட்டும் முதல் வேறுபாடு அவனுக்குப் புதிதல்ல. ஆனால் செயப்படுபொருளுக்கும் இடப்பொருளுக்கும் நடுவே அவன் மொழி பெயரெச்சத்தில் கோடே போடுவதில்லை. படித்த புத்தகம் 'ஒக்குதூ', உட்கார்ந்த நாற்காலி 'ஒத்துர்தூ'. இரண்டும் ஒரே அச்சு. ஆங்கிலமோ அங்கேதான் கோடு போடுகிறது. 'தி புக் அய்ஷெ ரெட்' சரி. 'தி சேர் அய்ஷெ சாட்' பிழை. கடைசியில் ஓர் 'ஆன்' வேண்டும். இப்போது படிக்கட்டு முறையை நினைத்துப் பாருங்கள். செயப்படுபொருள் ஒரு பருவத்தில், முன்னிடைச்சொல் அடுத்த பருவத்தில். மாணவனுக்கு ஒன்றாக இருக்கும் வகையை நாம் இரண்டாக வெட்டி, முதற்பாதியை மட்டும் கொடுத்து மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வைக்கிறோம். பெயர், எழுவாய், வினை என்ற அச்சு அவன் கையில் நன்றாகப் படிகிறது. அந்த அச்சில் அவன் நாற்காலியையும் வார்க்கிறான். நகரத்தையும் வார்த்து 'தி சிட்டி ஐ லிவ்' என்கிறான். போதாக்குறைக்கு 'தி டே ஐ கேம்' என்று முன்னிடைச்சொல் இல்லாமலே ஆங்கிலம் காலப்பெயருக்கு இடம் கொடுப்பதால், அவன் அச்சு சரி என்பதற்குச் சான்றும் கிடைத்துவிடுகிறது. அவனுக்கு அறிவு குறைந்து வந்த பிழையல்ல இது. நம் வரிசை விளைவித்த பிழை.

இங்கே வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. எலேன் கிளைன் 1993இல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு தாய்மொழியினரும் ஆங்கில ரிலேட்டிவ் கிளாசில் முன்னிடைச்சொல்லை விட்டுவிடுவதைக் காட்டினார். தனி வாக்கியத்தில் அதைச் சரியாகப் போடத் தெரிந்தவர்களே இங்கே விடுகிறார்கள். எல்லோரும் செய்வதைத் துருக்கியின் தலையில் ஏன் சுமத்த வேண்டும் என்று மறுப்போர் கேட்கிறார்கள். ஒரே பிழைக்கு எல்லோரும் ஒரே வழியில் வந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் விடை. வழியைப் பிரித்தறியும் சோதனை துருக்கிக்குள்ளேயே இருக்கிறது. வேற்றுமை உருபு உதிரும். 'பற்றி' என்னும் பொருள் தரும் 'ஹக்கிந்தா' உதிர்வதில்லை. 'நாம் பேசிய புத்தகம்' என்னும்போது 'ஹக்கிந்தா கொனுஷ்தூமுஸ் கித்தாப்' என்று அது தொடரின் உள்ளேயே நிற்கும். ஆகவே தாய்மொழிதான் காரணம் என்றால், துருக்கிய மாணவர் 'சாட் ஆன்' தொடரில் 'ஆனை' விடும் அளவுக்கு 'டாக்டு அபவுட்' தொடரில் 'அபவுட்டை' விடக் கூடாது. இரண்டையும் ஒரே அளவில் விட்டால் என் கருத்து விழும். விழக்கூடிய இடத்தைச் சொல்லிவிட்டே வாதிடுகிறேன். படிக்கட்டு முறையினரும் தங்கள் தரப்புக்கு அப்படி ஓர் இடத்தைக் காட்ட வேண்டும்.

பிழை எண்ணிக்கையை மட்டும் வைத்து முறையை அளப்பவர்களுக்கு ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் எழுதியதை நினைவூட்டுகிறேன். சீன, ஜப்பானிய மாணவர்கள் ரிலேட்டிவ் கிளாசில் குறைவாகப் பிழை செய்தார்கள். காரணம், அவர்கள் அதைக் குறைவாகவே எழுதினார்கள். பாரசீக, அரபு மாணவர்கள் நிறைய எழுதிப் பிழையும் நிறையச் செய்தார்கள். தலைப்பெயருக்கு முன்னே தொடர் வருவதில் துருக்கி சீனத்தோடும் ஜப்பானியத்தோடும் நிற்கும் மொழி. அதன் மாணவர் தாளில் சிவப்பு மை குறைந்திருப்பது கற்பித்தலின் வெற்றிக்குச் சான்றாகாது.

அப்படியானால் என்ன செய்வது? 'தி புக் ஐ ரெட்', 'தி சேர் ஐ சாட் ஆன்' இரண்டையும் ஒரே பாடத்தில், பக்கத்தில் பக்கத்தில் கற்பிக்க வேண்டும். முன்னிடைச்சொல்லோடு வரும் தொடரை மட்டும் கற்றவர்களும் மேற்படிகளைத் தாமே எட்டினார்கள் என்று எக்மன், பெல், நெல்சன் மூவரும் 1988இல் காட்டியது இதற்குத் துணை. தொடருக்குள் எழுவாயாக 'ஐ', 'யூ' போன்ற பதிற்பெயர்களை வைத்துத் தொடங்குவது நல்லது. ஆங்கிலப் பேச்சில் இவ்வகைத் தொடர் அப்படித்தான் பெரிதும் வருகிறது என்பதை ஃபாக்ஸும் தாம்ப்ஸனும் 1990இல் விளக்கினார்கள். பதிற்பெயர் எழுவாயானால் படிப்பவருக்கும் எளிது என்று ரியாலியும் கிறிஸ்டியன்ஸனும் 2007இல் காட்டினார்கள். இரண்டு வாக்கியத்தைக் கொடுத்து ஒட்டச் சொல்லும் பயிற்சியைக் கைவிடலாம். 'தி புக் தட் ஐ ரெட் இட்' என்று மிஞ்சும் 'இட்' பலவேளை அந்தப் பயிற்சி விட்டுச்சென்ற மிச்சம். கடைசியில் முன்னிடைச்சொல் நிற்பது அழகல்ல என்று 'ஆன் விச்' வடிவத்தை முதலில் கற்பிக்கும் வழக்கமும் தள்ளிப்போடத் தக்கது.

செய்ய வேண்டியவை பல. நேரம் இல்லாததால் பெயர் மட்டும் சொல்கிறேன். பாரசீகத்திலிருந்து வந்து தலைப்பெயருக்குப் பின்னே தொடரை வைக்கும் 'கி' அமைப்பை அதிகம் எழுதும் மாணவர்க்கு ஆங்கிலம் எளிதாகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் வளரும் துருக்கியப் பிள்ளைகள் ஆங்கிலத்தை மூன்றாம் மொழியாகக் கற்கிறார்கள். அவர்களிடம் நாற்காலிச் சோதனையைத் தனியாக நடத்த வேண்டும். எதிர்கால எச்சமான 'அஜக்' தொடர்கள் பற்றியும், உடைமைப் பெயர் தொடரும் 'ஹூஸ்' பற்றியும் நான் இங்கே எதுவும் சொல்லவில்லை. எழுத்தில் அல்லாமல் பேச்சில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒலிப்பதிவுகள் வேண்டும். தமிழ் மாணவர்களின் 'தி சேர் ஐ சாட்' தொடரையும் இதே முறையில் திரட்டி ஒப்பிட, இந்த மொழியியல் துறையிலிருந்தே யாராவது முன்வரலாம். 'ஹக்கிந்தா'வுக்கு ஈடாக நம் 'பற்றி' இருக்கிறது, சோதனையை அதிலிருந்தே தொடங்கலாம்.